கலத்தின் கட்டும் அரசின் கடனும்

(உடுப்பிட்டியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)



உடலின் மிகச் சிறிய கூறாகிய கலம் தன் உருவத்தை எவ்வாறு தாங்கி நிற்கின்றது என்பதும், கலங்களைக் கொண்டு நோய் தீர்க்கும் ஆராய்ச்சியை அரசுகள் எவ்வாறு நடத்துகின்றன என்பதும் இன்று எனக்கு அளிக்கப்பட்ட பொருள்கள். முன்னது விஞ்ஞானம், பின்னது அரசியல். இவ்விரண்டையும் ஒரே மேடையில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு.

யுத்தத்திலே முண்ணாண் பாதிக்கப்பட்டு, இடுப்பின் கீழ் உணர்விழந்து, பல ஆண்டுகளாகப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் வாழும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 'ஸ்டெம் செல்' ஊசி ஏற்றினால் எழுந்து நடக்கலாம் என்று அவர்களுடைய தாய்மாரிடம் சொல்வோரும் இருக்கிறார்கள். பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் இளந்தாயிடம், கொப்பூழ்க்கொடிக் குருதியைப் பணங்கட்டிச் சேமித்து வைக்காவிட்டால் பிள்ளைக்குத் தீங்கு செய்தவளாவாய் என்று அச்சுறுத்துவோரும் இருக்கிறார்கள். மற்றொரு புறத்தில், சொந்தத் தம்பியின் உயிரைக் காக்க என்பு மச்சை கொடுத்தால் தன் முதுகெலும்பு பழுதாகிவிடும் என்று அஞ்சிப் பின்வாங்கும் அண்ணனும் இருக்கிறான். பொய்யை நம்பிக் காணியை ஈடுவைப்பதும், மெய்யை நம்பாது உயிரை இழப்பதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள். அந்த அறியாமையைப் போக்குவது பொதுவாழ்வில் ஈடுபட்டோரின் கடமையாகும்.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. கலம் என்பது நம் பாடநூல்களில் உள்ள சொல். தமிழ்நாட்டார் செல் என்றும் உயிரணு என்றும் வழங்குவர். ஸ்டெம் செல் என்பதற்கு அங்கே குருத்தணு என்றொரு பெயரும் உண்டு. பனையின் நாட்டில் வாழும் நமக்கு அந்தக் குருத்து என்னும் சொல் மிகவும் பொருந்தும். ஆகவே குருத்துக்கலம் என்றே நான் சொல்லப்போகின்றேன்.

பனை தரும் பாடம்

தொல்காப்பியத்தின் மரபியல், வைரம் வெளியே உள்ள தாவரங்களைப் புல் என்றும், வைரம் உள்ளே உள்ளவற்றை மரம் என்றும் வகுக்கின்றது. அக்கணக்கிலே பனை புல்லினம். இன்றைய தாவரவியலும் பனையைப் புல், நெல், மூங்கில் ஆகியவற்றோடு ஒருவித்திலைத் தாவரங்களின் பெரும்பிரிவிலே சேர்க்கின்றது. பனந்தூரைத் தறித்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. வெளிப்புறம் கருங்கல்லைப் போல் இருக்கும். நடுவிலே சோற்றி இருக்கும். காற்று வளைக்கும்போது பெரும் இழுவையும் பெரும் அழுத்தமும் வெளிவிளிம்பிலேதான் விழுகின்றன. அவ்விடத்திலே வலிய நார்களை நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கின்றது பனை. சிக்கனமான தாங்கலுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

அதே பனைக்கு உச்சியிலே ஒரேயொரு குருத்து. ஓலையும் பாளையும் அந்தக் குருத்திலிருந்தே தோன்றுகின்றன. யுத்த காலத்தில் ஷெல் பட்டுத் தலையிழந்த பனைகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அடி உறுதியாக இருந்தது. வேர் மண்ணைப் பற்றியிருந்தது. ஆயினும் ஒன்றும் மீண்டும் தளிர்க்கவில்லை. தாங்கல் மட்டும் இருந்தாற் போதாது, குருத்தும் வேண்டும் என்பது அந்த மொட்டைப் பனைகள் சொன்ன பாடம். குருத்து மட்டும் இருந்தாற் போதாது, அதனைத் தாங்கும் இடமும் வேண்டும் என்பது இன்றைய கலவியல் சொல்லும் பாடம். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால் இனி நான் சொல்வன எல்லாம் விளங்கும்.

சுவரும் நூலும்

தாவரக் கலத்துக்குச் சுவர் உண்டு. செலுலோசு என்னும் நாரினால் ஆன அந்தச் சுவருக்குள்ளே நீர் நிரம்பி, காற்றடித்த ரியூப்பைப் போல் விம்மி நிற்பதாலேதான் இளஞ்செடி நிமிர்ந்து நிற்கின்றது. மத்தியான வெயிலில் வெங்காயத் தாள் துவளுவதும், மாலையில் இறைத்தபின் நிமிர்வதும் இதனாலேயே. சுவர் கெடவில்லை, உள்ளிருந்து தள்ளிய நீர் குறைந்தது.

விலங்கின் கலத்துக்கும் மனிதனின் கலத்துக்கும் அத்தகைய சுவர் இல்லை. மெல்லிய சவ்வு ஒன்றே உண்டு. அப்படியானால் தசைக்கலம் நீண்டும், நரம்புக்கலம் கிளைத்தும், செங்குருதிக்கலம் இருபுறமும் குழிந்தும் தத்தம் வடிவில் நிற்பது எங்ஙனம்? கலத்தின் உள்ளே நூல்களால் ஆன ஒரு வன்கூடு இருக்கின்றது. குழியவன்கூடு என்பது அதன் பெயர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். 25 நனோமீற்றர் அகலமுள்ள நுண்புன்குழாய்கள், ஏறக்குறைய 10 நனோமீற்றர் அகலமுள்ள இடைத்தர இழைகள், 7 நனோமீற்றர் அளவான அக்ரின் நுண்ணிழைகள் என மூவகை நூல்கள் அதில் உண்டு. வீட்டு வளையும் தூணும் ஒருமுறை வைத்தால் வைத்தபடியே இருக்கும். இந்த நூல்களோ வேண்டியபோது நீள்கின்றன, வேண்டாதபோது கரைகின்றன. கலம் இரண்டாகப் பிரியும்போது நுண்புன்குழாய்களே கதிர்களாக நீண்டு, பரம்பரைப் பொருளைச் சரிபாதியாக இரு புறமும் இழுத்துச் செல்கின்றன.

கலத்துக்கு வெளியேயும் தாங்கல் உண்டு. கொலாஜன் என்னும் புரத நார்களால் ஆன வலை இழையங்களுக்கிடையே பரந்திருக்கின்றது. வெற்றிலைக்குக் கொழுகொம்பும் புடலைக்குப் பந்தலும் வாழைக்கு முட்டும் எப்படியோ, அப்படியே கலத்துக்கு இந்த வெளிவலை.

கார்த்திகைக் கிழங்கு

இந்த நூல்களைப் பற்றிய அறிவுக்கு நம் வேலியோரத்துச் செடி ஒன்று உதவியது என்பதை எத்தனை பேர் அறிவோம்? கார்த்திகைப் பூ என்று நாம் அழைக்கும் செங்காந்தளே அது. தமிழ்நாட்டு அரசின் மாநில மலர். நம் மக்களின் அரசியலிலும் இடம்பெற்ற மலர். அதன் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கின்றது. கார்த்திகைக் கிழங்கை அரைத்துக் குடித்து உயிரைப் போக்கியோர் இந்நாட்டில் பலர். அந்த நஞ்சு என்ன செய்கின்றது? நுண்புன்குழாய்களைக் கட்டும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, குழாய் உருவாகாமல் தடுக்கின்றது. குழாய் இல்லையேல் கலப்பிரிவு இல்லை. ஓயாது பிரிந்து புதுப்பிக்கப்படும் குடற்சவ்வும் என்பு மச்சையும் முதலில் அழிகின்றன. 1967ஆம் ஆண்டில் போரிசி, ரெயிலர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், கொல்சிசின் எந்தப் பொருளோடு ஒட்டுகின்றது என்று தேடிச் சென்றே அந்தப் புரதத்தை இனங்கண்டனர்.

அளவறிந்து கொடுத்தால் அந்நஞ்சே மருந்து. மூட்டுவாதத்தில் ஒருவகைக்கு அது இன்றும் கொடுக்கப்படுகின்றது. விதையில்லாத வத்தகப்பழத்தை உண்டாக்கும் வழியிலும் கொல்சிசின் பயன்பட்டது. நம் முற்றத்து நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்ரின் என்னும் மருந்தும் இதே நுண்புன்குழாய்களைத் தாக்கியே குழந்தைகளின் குருதிப் புற்றுநோயை அடக்குகின்றது. தமிழ்நாட்டிலே காந்தளைப் பந்தலிட்டுப் பயிர்செய்து விதையை ஏற்றுமதி செய்கின்றனர். நாமோ அதைக் களை என்று பிடுங்குகின்றோம். அல்லது பூவை மட்டும் போற்றுகின்றோம்.

குருத்தும் பாத்தியும்

இனிக் குருத்துக்கலத்துக்கு வருவோம். தன்னைப் போன்ற கலத்தையும் பெற்று, வேறு தொழிலுக்குரிய கலத்தையும் பெறவல்லது குருத்துக்கலம். நம் என்பு மச்சையில் உள்ள குருத்துக்கலங்களிலிருந்து ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ இருபதினாயிரம் கோடி செங்குருதிக்கலங்கள் பிறக்கின்றன. 1961ஆம் ஆண்டில், இன்று நம் உறவினர் பெருந்தொகையாக வாழும் தொரன்றோ நகரில், ரில், மக்கலக் என்னும் இருவர் எலிகளில் செய்த பரிசோதனையால் இத்தகைய கலங்கள் உண்டென்பதை நிலைநாட்டினர். நோயாளிக்கு மச்சையை மாற்றிவைக்கும் மருத்துவத்துக்கு வழிதிறந்த டொனல் தோமசுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. தலசீமியா, குருதிப் புற்றுநோய் முதலியவற்றால் மடிய வேண்டிய பிள்ளைகள் பலர் இதனாற் பிழைத்திருக்கின்றனர். இது மெய்.

இந்தச் சிகிச்சை வெற்றி பெறுவதற்குக் காரணம் யாது? தானமாகப் பெற்ற கலங்கள் கையிலுள்ள நாளத்தின் வழியே ஏற்றப்படுகின்றன. அவை குருதியோடு ஓடி, என்புக்குள்ளே தமக்கு ஏற்ற உறைவிடத்தைக் கண்டு தங்குகின்றன. நாற்றும் நல்லது, பாத்தியும் ஆயத்தமாக இருக்கின்றது.

பாத்தியின் பெருமையை 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து எங்கிளர், டிஷர் முதலியோர் வியக்கத்தக்க முறையில் காட்டினர். மச்சையிலிருந்து எடுத்த ஒரேவகைக் குருத்துக்கலங்களை வெவ்வேறு கடினமுள்ள களிகளின் மேல் வளர்த்தனர். மூளையைப் போன்று மென்மையான களியில் வளர்ந்தவை நரம்பைப் போலக் கிளைத்தன. தசையின் கடினமுள்ள களியில் வளர்ந்தவை தசைக்கலத்தின் குறிகளைக் காட்டின. அதிலும் கடினமான களியில் வளர்ந்தவை என்புக்கலத்தின் குறிகளைக் காட்டின. கலம் தன் உள்நூல்களால் தரையை இழுத்துப் பார்த்தே அதன் கடினத்தை அறிகின்றது. அந்த இழுவையை மருந்தால் நிறுத்தியபோது இவ்வேறுபாடும் நின்றுபோயிற்று. நிற்கும் தளம் எத்தகையதோ, அதற்கேற்பக் குருத்தின் எதிர்காலம் அமைகின்றது.

இப்பொழுது முண்ணாண் அறுந்த நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அடிபட்ட இடத்திலே தழும்பு இறுகியிருக்கின்றது. நீண்ட நரம்பு இழைகள் அறுந்திருக்கின்றன. அவை பற்றிச் செல்லவேண்டிய வழி சிதைந்திருக்கின்றது. அங்கே யாரோ ஒருவர் ஊசியால் கலங்களைச் செலுத்தினால், அவை எதைப் பற்றி, எந்த வழியாக, எந்த நரம்போடு இணையும்? இக்கேள்விக்கு விடை காணவே உலகெங்கும் ஆராய்ச்சி நடக்கின்றது. 2010இல் அமெரிக்காவில் ஜெரன் என்னும் நிறுவனம் முளையத்திலிருந்து பெற்ற கலங்களைக் கொண்டு முண்ணாண் காயத்துக்குப் பரிசோதனைச் சிகிச்சையைத் தொடங்கியது. 2011இல் பணக் காரணம் காட்டி அந்நிறுவனமே அதை நிறுத்திவிட்டது. இது ஆராய்ச்சி, இன்னும் சிகிச்சையன்று. ஆராய்ச்சியைச் சிகிச்சை என்று விலைபேசுவோர் வஞ்சகர்.

மெய்யான முன்னேற்றம் எத்தகையது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. கண்ணின் கருவிழி ஓரத்தில் குருத்துக்கலங்கள் இருக்கின்றன. சுண்ணாம்போ அமிலமோ பட்டு அவை அழிந்தவர்களுக்கு, ஐதராபாத்தின் எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் 2001ஆம் ஆண்டு முதல் புதுக்கலங்களை வளர்த்து வைத்து வருகின்றது. மற்றக் கண்ணிலிருந்து சிறு துண்டை எடுத்து, பிள்ளைப்பேற்றின்போது கிடைக்கும் பனிக்குடச் சவ்வின் மேல் அதனை வளர்க்கின்றனர். அந்தச் சவ்வே தாங்கல். கலமும் தாங்கலும் சேர்ந்தமையால் பார்வை மீண்டது.

அரசு தலையிட்ட வரலாறு

அரசியல் பகுதிக்கு வருகின்றேன். ஆராய்ச்சிக்கும் தாங்கல் வேண்டும். அதனை அளிப்பது சட்டமும் பொதுப்பணமும் மக்களின் நம்பிக்கையும் ஆகும். அந்தத் தாங்கல் தவறாக அமைந்தால் என்ன நேரும் என்பதற்குக் கலவியலின் வரலாற்றிலேயே சான்று இருக்கின்றது.

கலத்துக்குள் வன்கூடு உண்டென்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொன்னவர் நிக்கொலாய் கொல்ற்சோவ் என்னும் ரஷ்யர். குருதி முழுவதும் ஒரு குருத்துக்கலத்திலிருந்தே பிறக்கின்றது என்று 1909இல் சொன்னவர் அலெக்சாந்தர் மக்சிமோவ் என்னும் மற்றொரு ரஷ்யர். இத்தகைய அறிஞரைப் பெற்ற நாடு பின்னர் செய்தது யாது? மக்சிமோவ் 1922இல் நாட்டைவிட்டுச் சிக்காகோ சென்றார். லைசென்கோ என்பவரின் போலி வேளாண்மைக் கொள்கை அரச கொள்கையாயிற்று. கொல்ற்சோவ் 1939இல் தம் நிறுவனத்தின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார், 1940இல் மறைந்தார். உலகெங்கும் சென்று பயிர் விதைகளைத் திரட்டிய வவிலோவ் சிறையிலடைக்கப்பட்டு 1943இல் அங்கேயே உயிர்விட்டார். கலமல்லாத பொருளிலிருந்து கலம் பிறக்கும் என்று பிழையாகச் சொன்ன லெப்பெஷின்ஸ்கயாவுக்கோ 1950இல் ஸ்டாலின் பரிசு வழங்கப்பட்டது! விஞ்ஞானத்துக்கு அரசு கட்டளையிட்டதன் பயன் இது.

வலதுசாரி, இடதுசாரி என்ற வேறுபாடு இதில் இல்லை. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஜேம்ஸ் தொம்சன் மனித முளையத்திலிருந்து குருத்துக்கலங்களை முதன்முதல் வளர்த்தெடுத்தார். கருவளச் சிகிச்சையில் மிஞ்சிய, சில நாள்களே ஆன முளையங்கள் அதற்குப் பயன்பட்டன. முளையம் அழிகின்றதே என்ற கவலை எழுந்தது. அது எளிதாகத் தள்ளத்தக்கதன்று. கருவுற்ற நாள் முதலே அது மனித உயிர் என்று கொள்ளும் கத்தோலிக்க மக்கள் நம்மிடையே வாழ்கின்றனர். உயிர்க்கொலை தகாது என்பது சைவருக்கும் கோட்பாடு.

இக்கவலையை நாடுகள் வெவ்வேறு விதமாக எதிர்கொண்டன. பிரித்தானியா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், அனுமதி பெற்றோர் மட்டும், 14 நாளுக்கு மேற்படாத முளையங்களை ஆராயலாம் என்று வரையறுத்தது. ஜெர்மனி தன் நாட்டில் முளையத்தை அழிப்பதைத் தடுத்தது. எனினும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால், குறித்த நாளுக்கு முன் பிறநாட்டில் உருவான கலங்களை இறக்குமதி செய்ய இடமளித்தது. அமெரிக்க ஜனாதிபதி புஷ் 2001 ஆகஸ்ட் 9ஆம் நாள், அன்றைக்கு முன் உருவாகியிருந்த கலத் தொடர்களுக்கே மத்திய அரசின் பணம் கிடைக்கும் என்றார். அவ்வாறு பட்டியலிடப்பட்ட அறுபதுக்கு மேற்பட்ட தொடர்களுள் பத்து இந்தியாவில் இருந்தன. ஏழு மும்பாயின் ரிலையன்ஸ் நிறுவனத்திடமும், மூன்று பெங்களூரின் தேசிய உயிரியல் விஞ்ஞான நிலையத்திடமும் இருந்தன. ஆயினும் பட்டியலில் இருந்தவற்றுள் ஆய்வாளர் கைக்கு மெய்யாக எட்டியவை இருபது அளவிலேயே நின்றன. தடையைத் தளர்த்தக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தைப் புஷ் 2006லும் 2007லும் மறுத்தார். 2009 மார்ச்சில் ஒபாமா அத்தடையை நீக்கினார். எட்டு ஆண்டுகள் ஒரு தேர்தலுக்கும் மறு தேர்தலுக்கும் இடையே ஆராய்ச்சி ஊசலாடியது.

தடைக்கு நேர்மாறான பிழையைத் தென்கொரியா செய்தது. ஹ்வாங் என்னும் ஆய்வாளரைத் தேசிய வீரராக்கி, 2005இல் தபால் முத்திரையும் வெளியிட்டது. 2006 தொடக்கத்தில் அவருடைய கண்டுபிடிப்புகள் புனையப்பட்டவை என்று பல்கலைக்கழக விசாரணைக் குழு அறிவித்தது. நாட்டுப்பற்று என்னும் கைதட்டலில் சோதனை என்னும் கடமை மறந்துபோயிற்று. இதற்கிடையே யப்பானின் யமனாக்கா 2006இல் எலியின் சாதாரணக் கலத்தையும், 2007இல் மனிதனின் சாதாரணக் கலத்தையும் மீண்டும் குருத்துநிலைக்குக் கொண்டுவந்து, முளையத்தை அழிக்காமலே வழியுண்டு எனக் காட்டி, 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தியா 2007லும், 2013லும், 2017லும் நெறிமுறைகளை வெளியிட்டது. குருதிநோய்கள் முதலியவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட மச்சை மாற்றம் தவிர, வேறெந்தக் குருத்துக்கலச் சிகிச்சையையும் அனுமதி பெற்ற பரிசோதனையாகவன்றிச் செய்தல் ஆகாது என்பது 2017ஆம் ஆண்டு நெறிமுறையின் சாரம். கடல்கடந்து சிகிச்சைக்குச் செல்லும் நம்மவர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். முண்ணாணுக்கோ மூளைக்கோ ஊசி ஏற்ற எவரேனும் பணம் கேட்டால், "இது அனுமதி பெற்ற பரிசோதனையா? பரிசோதனையானால் எங்களிடம் பணம் கேட்பது ஏன்?" என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலிலேயே உண்மை தெரிந்துவிடும்.

நம் நாட்டின் நிலை

உடலுறுப்பைக் கொடுப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம், 1964 முதல் இலங்கையரின் கண்களைப் பிறநாட்டாருக்கும் அனுப்பி வருகின்றது. சிபி அரசனின் கதை பௌத்தரை அதற்குத் தூண்டியது. தம் கண்ணையே பெயர்த்து அப்பிய கண்ணப்பரைத் தொழும் நமக்கும் அவ்வுணர்வு அந்நியமானதன்று.

ஆனால் சட்டம் காலத்தோடு நடக்கவேண்டும். மனித இழைய மாற்றுச் சட்டம் இங்கே 1987ஆம் ஆண்டில், 48ஆம் இலக்கமாக நிறைவேறியது. தொம்சனின் கண்டுபிடிப்புக்குப் பதினொரு ஆண்டு முந்தியது அது. கருவைப் பற்றிய குற்றவியற் சட்டமோ 1883ஆம் ஆண்டினது. இத்தகைய பழைய தாங்கல்களின் மேல் புதிய மருத்துவத்தை ஏற்றினால் வீடு நிற்குமா?

மொழியின் நிலையையும் சொல்லவேண்டும். 1847இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்தார்; 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெருநூலைத் தமிழில் அச்சேற்றினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே உடற்கூற்றைச் சொல்லவல்லதாயிருந்தது நம் மொழி. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இருந்தும், தனக்கு விளங்காத மொழியிலுள்ள சம்மதப் படிவத்தில் ஒரு தமிழ்த்தாய் கையொப்பமிட நேர்ந்தால், அதைச் சம்மதம் என்று அழைப்பது நியாயமாகுமா?

நாம் கேட்பவை

ஆகவே நம் பாராளுமன்றப் பிரதிநிதிகளிடம் நாம் கேட்கவேண்டியவை நான்கு.

முதலாவது, குருத்துக்கலச் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் தெளிவான சட்டம். நிரூபிக்கப்பட்டதை எல்லோருக்கும் கிடைக்கச் செய்யவும், நிரூபிக்கப்படாததை விற்பதைத் தண்டிக்கவும் அது வல்லதாக இருக்கவேண்டும். முளைய ஆராய்ச்சியைப் பற்றிச் சமயத் தலைவர்களையும் பெண்களையும் விஞ்ஞானிகளையும் கேட்டு வெளிப்படையாக முடிவு செய்யட்டும். அந்த விவாதத்தைக் காரணம் காட்டி, எந்தச் சமயமும் மறுக்காத மச்சை மாற்றத்தைத் தாமதிக்கக் கூடாது.

இரண்டாவது, எந்த மருத்துவப் பரிசோதனைக்கும் சத்திர சிகிச்சைக்கும் சம்மதப் படிவமும் விளக்கமும் தமிழில் இருத்தல்.

மூன்றாவது, வடக்குக் கிழக்கு மக்களுக்கான தானக்காரர் பதிவேடு. உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நூற்றுக்கு 25. மூவர் இருந்தால் குறைந்தது ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு ஏறக்குறைய 58. அன்று எட்டுப் பிள்ளைகள் பிறந்த வீட்டில் இன்று இருவர். அவருள் ஒருவர் கனடாவில், மற்றவர் சுவிசில். உறவல்லாத தானக்காரரைத் தேடினால், ஒரே மரபில் வந்தோரிடமே பொருத்தம் பெரும்பாலும் கிடைக்கும். இலண்டனில் அன்ரனி நோலன் பதிவேடு 1974 முதலும், சென்னையில் தாத்ரி பதிவேடு 2009 முதலும் இயங்குகின்றன. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிக் கொடுத்தாற் போதும், பெயர் பதியலாம். பொருந்தியபின் கலங்களை எடுப்பதும் பெரும்பாலும் கைநாளத்தின் வழியேதான், சிலவேளை இடுப்பென்பிலிருந்து. முண்ணாணை எவரும் தொடுவதில்லை. கொடுத்த மச்சை சில வாரங்களில் மீண்டும் நிரம்பிவிடும். புலம்பெயர்ந்த பிள்ளைகள் ஊர்க் கோயிலுக்குக் கோபுரம் கட்டப் பணம் அனுப்புகிறார்கள், நல்லது. அவர்கள் தாம் வாழும் நாட்டின் பதிவேட்டில் பெயரையும் பதியட்டும். அந்தப் பெயர் இங்கே ஒரு பிள்ளையின் உயிராகலாம்.

நான்காவதே மிக அவசரமானது. முண்ணாண் காயமுற்றோருக்கு இன்று வேண்டியவை, நாளை வரக்கூடிய ஊசியன்று. படுக்கைப்புண் வராமல் காக்கும் மெத்தை, சிறுநீர்த் தொற்றைத் தடுக்கும் ஒழுங்கான பராமரிப்பு, உடலுக்குப் பொருந்திய சக்கர நாற்காலி, அது ஏறக்கூடிய சாய்தளம், செய்யக்கூடிய தொழில் ஆகியவை இன்றே வேண்டும். ஒரே இடத்தில் நீண்ட நேரம் அழுத்தம் விழுந்தால் குருதி தடைப்பட்டு இழையம் சாகின்றது. அந்தப் புண்ணாலும் தொற்றாலும் மடிந்தோர் பலர். அவர்களைக் காக்க நோபல் பரிசு வேண்டியதில்லை. நாளாந்தம் வீடு தேடிச் செல்லும் தாதியும், அவருக்குச் சம்பளம் கொடுக்கும் அரசும் வேண்டும். ஆராய்ச்சி ஒருநாள் வெற்றி பெறும்போது அதன் பயனைப் பெற இவர்கள் உயிரோடிருக்கவேண்டாமா?

பெரியோர்களே! அறிவை மக்கள் மொழியில் மக்களிடம் சேர்க்கும் அரசியலே நமக்கு வேண்டிய அரசியல். இங்கு கேட்டவற்றை உங்கள் வீட்டுத் திண்ணையிலும் சங்கக் கடையிலும் பேசுங்கள். ஊசிக்காகக் காணி ஈடுவைக்கப் போகும் அயலவனை ஒருமுறை நிறுத்திக் கேளுங்கள். மச்சை கொடுக்க அஞ்சும் அண்ணனின் அச்சத்தைத் தீருங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் இந்த நான்கு கோரிக்கைகளையும் முன்வைத்து, பதில் பெற்றபின்னரே அனுப்புங்கள்.